கோடைப் பள்ளி தந்த உறவு

ஊதியம் பெற்றுச் செய்த வேலையை மனிதன் ஓய்வுபெற்ற சில நாளிலேயே மறந்துவிடுதல் கூடும். ஊதியமின்றி மனமுவந்து செய்த பணியோ அவனை விட்டு எளிதில் அகல்வதில்லை. 1987 முதல் 1993 வரை ஏழு கோடைகள், திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சபையொன்றின் விடுமுறை வேதாகமப் பள்ளியில் நான் தொண்டாசிரியனாக இருந்தேன். அப்பணியால் வாய்த்த உறவு இன்றளவும் தொடர்கின்றது.

இத்தகைய பள்ளியின் தோற்றம் அறியத்தக்கது. 1898ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், விடுமுறையின்போது தெருக்களில் அலைந்த ஏழைச் சிறாரைத் திருமதி ஹாஸ் என்னும் அம்மையார் ஒன்றுசேர்த்துக் கற்பித்தார். 1901இல் ராபர்ட் போவில் என்பார் அம்முறையைப் பரப்பத் தொடங்கினார். பின்னர் அது கடல் கடந்து நம் திருச்சபைகளையும் அடைந்தது. எங்கள் பள்ளி சித்திரை வெயிலில் பத்து நாள் நடைபெறும். செய்கைப் பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை ஆகியவை நாள்தோறும் உண்டு. இறுதியில் பெற்றோர் முன்னிலையில் நிறைவு விழா.

எங்கட்கு அதனால் விளைந்த பயன் வேறொன்றும் உண்டு. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அவ்வட்டங்களிலிருந்து பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்திருந்தோர், நின்ற இடத்திலேயே வேற்று மாநிலத்தார் ஆயினர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்பதே பலரின் நிலை. என் வகுப்புச் சிறார் தமிழில் நன்கு பேசுவர், இனிமையாகப் பாடுவர், ஆனால் தமிழெழுத்தில் ஒன்றையும் படிக்க அறியார்.

ஆகவே, கரும்பலகையில் வசனத்தைத் தமிழில் எழுதி, அதன்கீழ் அதே சொற்களை மலையாள எழுத்திலும் எழுதினேன். நாள்தோறும் கீழ்வரியில் சில சொற்களை அழித்துவந்தேன். ஒரு நாள் ஒன்பது வயதுச் சிறுமி எழுந்து, "அண்ணா, மலையாளத்தில் 'க' நான்கு உண்டு. தமிழில் ஒன்றுதானே? எப்படிப் பிரித்து வாசிப்பது?" என்று வினவினாள். 'கல்' என்பதில் முதலிலும், 'பக்கம்' என்பதில் இரட்டித்தும் வரும்போது வலிந்து ஒலிக்கும். 'தங்கம்' என்பதில் மெல்லெழுத்தை அடுத்து வருவதால் மெலிந்து ஒலிக்கும் என்று விளக்கினேன். பத்தாம் நாள் கீழ்வரியில் எழுத்தே இல்லை. அவள் தடையின்றிப் படித்தாள்.

அடுத்த கோடையில் அவள் ஒரு கடிதத்தோடு வந்தாள். ஊரிலிருந்து பாட்டி எழுதியது. அதுவரை பாட்டியின் கடிதங்களைத் தந்தையே படித்து, "எல்லாரும் சுகம்" என்று மட்டும் கூறுவாராம். இம்முறை அவளே படித்துவிட்டாள். கண் பார்வை குன்றுகிறது என்றும், பிள்ளைகளை ஒருமுறை காண வேண்டும் என்றும் பாட்டி எழுதியிருந்தார். விடுப்புக் கிடையாத வேலை. வருந்துவார்களே என்று தந்தை மறைத்திருந்தார். அவ்வாண்டு நிறைவு விழாவுக்கு அச்சிறுமி வரவில்லை. குடும்பத்தோடு ஊருக்குச் சென்றிருந்தாள். கிறிஸ்துமசுக்கு முன்பே பாட்டி காலமானார்.

பணிமாற்றத்தால் 1993இல் நான் நகரை விட்டு நீங்கினேன். ஆயினும் ஆண்டுதோறும் ஒரு நாளேனும் அப்பள்ளிக்குச் சென்று வருகிறேன். என்னிடம் படித்தோரின் மக்கள் இப்பொழுது பயில்கின்றனர். எல்லாவற்றையும் மலையாளத்திலேயே நடத்திவிடலாமே என்ற பேச்சும் எழுந்துள்ளது. நமக்குச் சோறிட்ட மொழியிடம் எனக்குப் பகைமை இல்லை. இம்மண்ணும் தமிழெழுத்துக்கு அயலானதன்று. 1578இல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூல் அச்சேறியது அண்டை நகராகிய கொல்லத்தில்தான்.

சங்கத்து அன்பர்களே, எச்சமயத்தவராயினும் நம் இல்லங்களில் நாளொன்றுக்கு அரைமணி நேரம் தமிழெழுத்துக்கு ஒதுக்குவோம். ஊரில் இருக்கும் முதியோர் எழுதுவதைப் பேரப்பிள்ளைகள் பிறர் துணையின்றித் தாமே படித்தறியட்டும்.