நிறுத்தாமல் பார்ப்பது

போன மாதம் பேத்தி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். வெள்ளிமலையில் நல்ல மழை. மாடி அறை சன்னலோரம்தான் சிக்னல் கிடைக்கும் என்று அங்கேயே தன் அலுவலகத்தை வைத்துக்கொண்டாள். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கும் விளக்கு எரிந்தது. சுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னம்மா, இன்னும் தூங்கலையா?"

"ஒரு கோளாறு தாத்தா. எங்க நிக்குதுன்னே தெரியல."

விஷயம் இதுதான். ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடித்தனம் வைக்கிறோம் அல்லவா, அதுபோல ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகளை உருவாக்கி ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு குடித்தனத்தையும் ஓட்டுவது கியூஎமு என்ற மென்பொருள். எல்லாவற்றையும் திறந்து மூடிக் கணக்கு வைத்துக்கொள்வது லிப்வெர்ட் என்ற நிர்வாகி. அந்த நிர்வாகி அன்று வாயே திறக்கவில்லை.

முன்னதை 2003இல் எழுதியவர் ஃபாப்ரிஸ் பெல்லார். பின்னதை 2005இல் தொடங்கியவர் தானியெல் வேயார். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். பேத்தி "பெல்லார்ட்" என்றாள். "கடைசி எழுத்தைச் சொல்லக்கூடாதும்மா" என்று திருத்தினேன். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சு அன்றைக்கு அவ்வளவுக்குத்தான் உதவியது.

"நிறுத்திட்டு மறுபடி ஓட்டிப் பாரேன்" என்றேன்.

"சரியானாலும் ஆகலாம் தாத்தா. ஆனா காரணம் அழிஞ்சிடும். நாளைக்குத் திரும்ப நிக்கும்."

அதற்குத்தான், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நிறுத்தாமலே உள்ளே எட்டிப்பார்க்கும் கருவிகள் இருக்கின்றனவாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005இல் சோலாரிஸ் 10 உடன் டிடிரேஸ் என்பதைத் தந்தது. லினக்ஸுக்கு அதே ஆண்டில் சிஸ்டம்டாப் வந்தது. அதற்கு அடித்தளமான கேப்ரோப்ஸை வளர்த்ததில் பெங்களூரில் இருந்த ஐபிஎம் பொறியாளர்களுக்கும் பங்கு உண்டு.

எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். நிரலில் நாம் பார்க்க விரும்பும் இடத்தில் ஒரு கட்டளைக்குப் பதில் சின்னத் தடுப்பை வைக்கிறார்கள். நிரல் அங்கே வந்ததும் "இன்ன நேரம், இன்ன வேலை" என்று குறித்துக்கொண்டு மேலே போக விட்டுவிடுகிறார்கள். பார்த்து முடித்ததும் தடுப்பை எடுத்துவிட்டால் பழையபடி ஓடும். லிப்வெர்ட்டிலோ, எழுதியவர்களே சில இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார்கள். கியூஎமுவுக்கு அனுப்பும் கேள்வி ஓர் இடம், அதிலிருந்து வரும் பதில் ஓர் இடம்.

பேத்தி அந்த இரண்டையும் திரையில் ஓடவிட்டாள். நம்ம டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர் மாதிரியே இருந்தது. அனுப்பியது, வந்தது, அனுப்பியது, வந்தது. ஒரே ஒரு குடித்தனத்துக்கு மட்டும் அனுப்பியது இருந்தது, வந்தது இல்லை. அதன் வட்டு தூரத்தில் வேறொரு சேமிப்பகத்தில் இருந்தது. அது மறுமொழி தராததால் கியூஎமு அங்கே காத்து நின்றது. நிர்வாகியிடம் வேலை செய்யும் ஆட்களெல்லாம் ஒவ்வொருவராக அந்தப் பதிலுக்காகவே காத்து நின்றுவிட்டார்கள்.

"நான் சாயங்காலம் முழுக்க லிப்வெர்ட்டைத்தான் திட்டிட்டு இருந்தேன் தாத்தா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், கணவரை இழந்த ஓர் அம்மாவின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு எட்டு மாதம் நகரவில்லை. தபால் பிரிவு எழுத்தர் கடிதத்தைத் தொலைத்துவிட்டார் என்று நான் முடிவு கட்டிக் குறிப்பு எழுதி மேலே வைத்தேன். அவருக்கு மெமோ வந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷர். இரண்டு வாரம் கழித்து என் பீரோவைச் சுத்தம் செய்தபோது, பணிப்பதிவேடு கேட்டுக் கணக்குப் பிரிவு எழுதிய கடிதம் வேறொரு கோப்புக்குள் செருகிக் கிடந்தது. அவர்கள் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் அவர்கள் பதிலுக்குக் காத்திருந்தேன். அந்த அம்மா எங்கள் எல்லோருக்காகவும் காத்திருந்தார்.

பதிவேட்டை அன்றே அனுப்பினேன். ஓய்வூதியமும் வந்தது. ஆனால் மெமோவை ரத்துசெய்யச் சொல்லி நான் எழுதவில்லை. அதற்கு என் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டுமே. தபால் பிரிவுப் பதிவேட்டில் வந்தது, போனது, யாரிடம் கொடுத்தது எல்லாம் வரிசையாக இருந்தது. அலுவலகத்தை நிறுத்த வேண்டாம், யாரையும் விசாரிக்க வேண்டாம். அதைப் பத்து நிமிஷம் புரட்டியிருந்தால், என் கையெழுத்தே எனக்குப் பதில் சொல்லியிருக்கும். நான் ஊகித்தேன்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் மாலை போட்டதும் நான்தான். அப்போதும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை. காபி ஆறிப்போவதற்குள் பேத்தியிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டாள். இரண்டாவதாக உங்களிடம் சொல்கிறேன்.