பத்து பர்சென்ட் தள்ளுபடி

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்டலை. அமெரிக்க மருந்துக்கடைகளுக்கான பில்லிங் ப்ராஜெக்ட். நோயாளி தள்ளுபடி கூப்பன் நீட்டினா அது செல்லுமா செல்லாதான்னு சொல்றது நம்ம கோடு. அதுல ஒரு வரி: காப்பீடு மெடிகேர்னா கூப்பன் ரிஜெக்ட். மெடிகேர்ங்கறது முக்கியமா 65 வயசு தாண்டினவங்களுக்கு அந்த ஊர் அரசாங்கம் தர்ற காப்பீடு.

"வயசானவங்களுக்குத்தானே முதல்ல கொடுக்கணும்?"னு டெஸ்டிங் பண்ற பொண்ணு கேட்டா. நியாயமான கேள்வி. தோண்டிப் பார்த்தேன். அரசாங்கம் காசு கொடுக்கற சிகிச்சையில ஆள் பிடிக்க யாரும் எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு 1972-லயே சட்டம் போட்டிருக்காங்க. கூப்பன் தர்றது யாரு? மருந்துக் கம்பெனி. மருந்து 400 டாலர், நோயாளி பங்கு 50 டாலர்னு வைங்க. அந்த அம்பதுல 45-ஐ கம்பெனி ஏத்துக்கும். நோயாளி அஞ்சு டாலர் கொடுத்துட்டு சந்தோஷமா போவார். மீதி 350 காப்பீட்டுத் தலையில. அதே மருந்து ஜெனரிக்கா 20 டாலருக்கு பக்கத்து ரேக்குல இருந்தாலும் அவர் ஏன் திரும்பிப் பார்க்கப் போறார்? கலிபோர்னியாவுல 2018-லேர்ந்து தனியார் காப்பீட்டுக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. சமமான ஜெனரிக் இருந்தா பிராண்டுக்குக் கூப்பன் கிடையாது, சில விலக்கு தவிர.

சரி, அமெரிக்காக்காரன் பாடுன்னு விட்டுட்டேன்.

பொங்கலுக்கு வடமதுரை போனப்ப அப்பாவோட மேஜை டிராயர்ல பேட்டரி தேடினேன். மாத்திரை அட்டைதான் கிடைச்சுது. போன மாசமே முடிஞ்சிருக்க வேண்டிய அட்டை, பாதிக்கு மேல மிச்சம்.

"என்னப்பா இது?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறேன் தம்பி. சுகர் ஒண்ணும் ஏறலை."

ஏறியிருந்துச்சு. மறுநாள் டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம். மாசம் ஆயிரத்து நானூறு ரூபா மருந்து, அதுல பத்து பர்சென்ட் தள்ளுபடி. அந்த நூத்தி நாப்பதுக்காகவே பல வருஷமா அதே கடை. "வேற எவன்டா பத்து குறைக்கறான்?"னு பெருமை வேற. நான் அனுப்பற பணத்துல சிக்கனம் பண்றாராம். கேட்டப்ப கோவம்தான் வந்துச்சு, கத்திட்டேன். அம்மா குறுக்க வந்து நிறுத்தினாங்க.

திண்டுக்கல்ல ஒரு மக்கள் மருந்தகத்துக்கு பஸ் ஏறினேன். 2008-ல மத்திய அரசு 'ஜன் ஔஷதி'ன்னு ஆரம்பிச்ச திட்டம். (தமிழ்நாட்டு அரசும் 2025 பிப்ரவரி 24-ல ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்துச்சு.) சீட்டை வாங்கிப் பார்த்தவர் தலையை ஆட்டினார். "பிராண்ட் பேரு போட்டிருக்கு சார். நான் மாத்திக் கொடுக்கக் கூடாது. மருந்துப் பேரை எழுதி வாங்கிட்டு வாங்க."

அவர் சொன்னது சரிதான். 1945-ம் வருஷத்து மருந்து விதிகள்ல 65-வது விதி. ஷெட்யூல் ஹெச் மருந்துக்கு சீட்டுல எழுதினதுக்குப் பதிலா, உள்ளே இருக்கறது அதே மருந்தானாலும், வேற தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. டாக்டர்கள் ஜெனரிக் பேர்ல எழுதணும்னு 2023 ஆகஸ்ட்ல தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டு வந்து, எதிர்ப்பு வரவும் அதே மாசமே நிறுத்தி வெச்சது. ஆக, மலிவுக் கடையைத் திறந்து வெச்சாச்சு, சாவி மட்டும் டாக்டர் பேனாவுல. நான் எழுதற கோடு மாதிரியே ரிஜெக்ட்! அங்க பிராண்டை விட்டு வெளிய வரட்டும்னு தள்ளுபடியைத் தடுக்கறான், இங்க தள்ளுபடி விலைக்குப் போனா பிராண்ட் பேரைச் சொல்லித் தடுக்கறான் :-)

டாக்டர்கிட்ட அப்பாவையே கூட்டிட்டுப் போனேன். அவர் முறைப்பார்னு பயந்தேன். "இதை முதல்லயே கேட்டிருக்கலாமே"ன்னு சிரிச்சுகிட்டே மருந்துப் பேர், மில்லிகிராம், எஸ்.ஆர். எல்லாம் தெளிவா எழுதினார். (எஸ்.ஆர். மெல்லக் கரையற வகை. காசு மிச்சம்னு உடைச்சுப் போடக் கூடாது, அப்பா அதையும் செஞ்சிருக்கார்.) மறுபடி மக்கள் மருந்தகம். மொத்த பில் முன்னூத்தி சொச்சம்.

திரும்பி வர்ற பஸ்ல அப்பா பையை மடியில வெச்சுகிட்டு ரொம்ப நேரம் பேசலை. அய்யலூர் பஸ், நல்ல கூட்டம். வடமதுரையில இறங்கினதும், "இருமல் மருந்தாவது பழைய கடையில வாங்கிக்குவோம் தம்பி. இல்லேன்னா பெருமாள் கோயில்ல அந்த ஆளு மூஞ்சியில முழிக்க முடியாது"ன்னார்.

வாங்கினோம். பத்து பர்சென்ட் குறைச்சார்.