சிறு கப்பலின் சுகம்

திருமலை அடிவாரத்திலும் சித்தூரிலும் குடியேறி வாழும் நமக்குக் கடல் கண்ணுக்கு எட்டாதது. ஆயினும் இப்பகுதிக்கும் கப்பலுக்கும் இருப்புப்பாதை வழியே ஒரு பழைய உறவு உண்டு. விழுப்புரம்–தர்மாவரம் பாதை 1891-இல் திறக்கப்பட்டது. 1914-இல் பாம்பன் பாலமும் முடிந்தபின், சித்தூரில் ஏறியவர் விழுப்புரத்தில் 'போட் மெயி'லுக்கு மாறித் தனுஷ்கோடி சேர்ந்து, அங்கிருந்து சிறு நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடையலாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, அவ்வழியும் அற்றுப்போயிற்று.

இன்று கப்பற் பிரயாணம் உல்லாசத்திற்கும் உரியதாகிவிட்டது. ஏழாயிரம் பேரை ஏற்றும் மாபெருங் கப்பல்களும் உள்ளன. எனினும் செல்வர் பலர், நூறு இருநூறு பேரே செல்லும் சிறு கப்பலை அதிகக் கட்டணம் கொடுத்து நாடுகின்றனர். காரணம் யாது? பெருங்கப்பலில் நீச்சற்குளமும் நாடக அரங்கும் உண்டு. கடலோ பல மாடிகளுக்குக் கீழே கிடக்கும். சிறு கப்பல் சிறு துறைகளிலும் நுழையும். இறங்குவதற்கு நெடிய வரிசை இராது. இரண்டாம் நாளே உடன் வருவோர் பழகிவிடுவர். மேலும், அண்டார்க்டிகாவில் 500 பேருக்கு மேல் ஏற்றிய உல்லாசக் கப்பல் பயணிகளைக் கரையிறக்குவதில்லை. கலாபகோஸ் தீவுகளைச் சுற்றும் கப்பலுக்கு 100 பயணிகளே உச்சவரம்பு.

மாதச் சம்பளக்காரருக்கு அக்கட்டணங்கள் எட்டா. ஆனால் அச்சுகத்தின் சாரம் எட்டும். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-இல் 'செரியபாணி'யும், 2024 ஆகஸ்டு 16-இல் 'சிவகங்கை'யும் பயணந் தொடங்கின. இரண்டும் ஏறத்தாழ 150 பேர் அமரும் சிறு கப்பல்களே. பயணம் சுமார் நான்கு மணி நேரம். திருப்பதியில் புறப்பட்டுச் சித்தூர், காட்பாடி, விழுப்புரம் வழியாக இராமேசுவரம் செல்லும் விரைவு வண்டியில் ஏறி, மயிலாடுதுறையில் இறங்கினால் நாகைக்குப் பேருந்து உண்டு. கடவுச்சீட்டு அவசியம். வடகிழக்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்குமாதலால் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு. விசாரித்த பின்னரே புறப்படுக.

இதே நாகையில்தான், 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' மலேயாவுக்குத் தமிழரை ஏற்றிச் சென்றது. அவர்கள் திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்து, மறையும் கரையைப் பார்த்துக்கொண்டே போயினர். திரும்பாதவர் பலர். கடல் என்றாலே பிரிவு என்று நம் பாட்டிமார் அஞ்சியதில் வியப்பில்லை. பிழைப்பிற்காக ஊர் பெயர்ந்த நம் குடும்பங்களின் பிள்ளைகளேனும், திரும்பும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெற்றோருடன் ஒருமுறை கப்பலேறட்டும்.