ஓடாத டிரையரும் ஒரு சிறு ஃபியூஸும்

மின்னசோட்டாவின் ஜனவரியில் கொடி கட்டித் துணி காயப்போடுவதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. டிரையர் நின்றுவிட்டால் துவைத்த துணி அத்தனையும் ஈரத்தோடு கிடக்க வேண்டியதுதான். நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் குடிபுகுந்த மூன்றாம் வாரமே, வீட்டோடு வந்த டிரையர் ஓட மறுத்தது. பொத்தானை அழுத்தினால் சிறு உறுமல்கூட இல்லை. தொட்டிலில் கைக்குழந்தை, கூடையில் அதன் ஈரத் துணிகள்.

இத்தகைய பழுதைத் தேடுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மின்சாரம். அமெரிக்க மின் டிரையருக்கு வேண்டிய 240 வோல்ட், தலா 120 வோல்ட்டாக இரு கம்பிகளில் வருகிறது. அதற்குரிய இரட்டை பிரேக்கரை முழுவதும் அணைத்து மீண்டும் போட்டேன், பயனில்லை. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவு மூடியிருப்பதை உணரும் சுவிட்சை மல்டிமீட்டரால் சோதித்தேன். அதில் குறையில்லை.

பின்பக்கத் தகட்டைக் கழற்றியபோது, காற்றை வெளியேற்றும் விசிறியின் உறைமீது விரல் நீளத்தில் ஒரு ஃபியூஸ் தென்பட்டது. வெப்பம் எல்லை மீறினால் அது அறுந்துவிடும், மறுபடி ஒட்டாது. பல டிரையர்களில் அது அறுந்தால் மோட்டாரே கிளம்பாது. மல்டிமீட்டரை வைத்தேன், அறுந்துதான் இருந்தது.

தொலைபேசியில் நண்பர் ஒருவர், "ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிடுங்க சார், புதுசு வர்ற வரைக்கும் ஓடும்" என்றார். அக்கறையில் சொன்னதுதான். அவர் சொன்னபடி ஓடியும் இருக்கும். நம் ஊரில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருந்த நாட்களில், அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கினார்கள். அதே கெட்டிக்காரத்தனம் கடல் கடந்தும் நம்மோடு வந்திருக்கிறது.

சுவருக்குள் செல்லும் காற்றுக் குழாயைப் பிரித்தேன். முன்பிருந்தவர்களின் ஆடைகளிலிருந்து உதிர்ந்த பஞ்சு, பல ஆண்டுகளுக்கு உரியது, மெத்தைபோல் அடைத்திருந்தது. வெளிச்சுவரின் மூடி திறக்க வழியின்றி இறுகியிருந்தது. வெளியேற முடியாத வெப்பம் உள்ளேயே தேங்கி ஃபியூஸை அறுத்திருக்கிறது.

2008 முதல் 2010 வரையிலான விவரங்களைக் கொண்டு அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் கணித்தபடி, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீவிபத்துகள் டிரையர்களால் நேர்ந்தன. சுத்தம் செய்யாமையே முதன்மைக் காரணம். அதன் பங்கு 34 விழுக்காடு.

குழாய் முழுவதையும் துப்புரவு செய்து, அதே அளவுள்ள புதிய ஃபியூஸைப் பொருத்திய பிறகே டிரையரை ஓட்டினேன். அடைப்பை நீக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் அது மறுபடி அறுந்திருக்கும். கம்பியை முறுக்கியிருந்தால் அறுவதற்கு ஒன்றுமே இருந்திராது.

சில டாலருக்குக் கிடைக்கும் அந்தத் துண்டுப் பொருளுக்கு ஒரே வேலைதான், உரிய நேரத்தில் செத்துப்போவது. நாம் அதைப் பழுது என்கிறோம். நின்ற இயந்திரத்தை எப்படி ஓட்டுவது என்று கேட்குமுன், எதைக் கண்டு அது நின்றது என்று கேட்கும் பொறுமை நமக்கு வாய்க்க வேண்டும்.