டோனி ஹாக்கும் ஒரு மாவுக்கட்டும்

மொக்கைப் படம் பாக்கிறதுல எனக்கு நல்ல அனுபவம் உண்டு மக்களே. ஆனா ஒரு மொக்கைப் படத்தால வீட்டுல நல்லது நடந்தது ஒரே ஒரு தடவைதான். அந்தக் கதை இது.

2007. அப்போ சான் ஹோசேல இருந்தோம். பையனுக்கு எட்டு வயசு. ஒரு வருஷம் நச்சரிச்சு ஸ்கேட்போர்டு வாங்கினான். மூணாவது வாரமே மணிக்கட்டுல மாவுக்கட்டு! ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் போர்டைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு, "எனக்கு அது வராதுப்பா"ன்னுட்டான். தங்கமணிக்கு உள்ளூர நிம்மதி. எனக்குத்தான் மனசு கேக்கல.

சரி, பயலை உசுப்பேத்துவோம்னு லைப்ரரியிலேர்ந்து ஒரு டிவிடி எடுத்துட்டு வந்தேன். 'டோனி ஹாக் இன் பூம் பூம் சபோடாஜ்'. 2006-ல வந்த கம்ப்யூட்டர் அனிமேஷன் படம். ஸ்கேட்போர்டு உலகத்து சூப்பர் ஸ்டாரான டோனி ஹாக்கை ஒரு சர்க்கஸ்காரன் கடத்திடுவான், வாண்டுகள் சேர்ந்து மீட்கணும். தலைவரே தனக்குக் குரல் கொடுத்திருப்பார். எடுத்தது கனடாவோட மெயின்ஃப்ரேம் நிறுவனம். 1994-லயே 'ரீபூட்'னு முழுக்க கம்ப்யூட்டர்ல செஞ்ச டிவி தொடரைக் கொடுத்தவங்களாச்சேன்னு நம்பி உக்காந்தேன்.

ஸ்ஸ்ஸப்பா... பொம்மைங்க எல்லாம் மரக்கட்டை மாதிரி. பத்தாவது நிமிஷத்துல நான் நெளிய ஆரம்பிச்சுட்டேன். அக்கம்பக்கத்து வாண்டுகளும் ஆஜர். அதுல ரெண்டு பொடிசுங்க கண்ணு கொட்டாம ரசிச்சுதுங்க. பன்னெண்டு வயசு பெரியவன் ஒருத்தன், தினம் ஸ்கேட் பண்றவன், கடுப்பாகிட்டான். கார்ப்பெட்ல எழுந்து நின்னு எனக்குப் பாடமே எடுத்தான்: "அங்கிள், ஓலி பண்ணணும்னா பின்காலால வாலை ஓங்கி மிதிக்கணும். அப்பத்தான் போர்டு எழும்பும். முன்காலை முன்னாடி தேய்ச்சாத்தான் மட்டமாகும். இங்க போர்டு கால்ல கோந்து போட்டு ஒட்டின மாதிரி வருது!"

எல்லாரும் சிரிச்சோம். என் பையன் மட்டும் சிரிக்கல. படம் முடிஞ்சதும் மெதுவா கேட்டான்: "அப்பா, இவங்களுக்கு மட்டும் ஏன் வலிக்கவே மாட்டேங்குது?"

பகீர்னு ஆயிடுச்சு. உசுப்பேத்தப் போயி, 'எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரல'ங்கிற நினைப்பை இன்னும் கெட்டியாக்கிட்டேனே!

அன்னிக்கு ராத்திரியே யூட்யூபைத் தேடி 1999 எக்ஸ் கேம்ஸைப் போட்டேன். நடந்தது எங்க ஊர்லேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற சான் ஃபிரான்சிஸ்கோலதான். அந்தரத்துல ரெண்டரை சுத்து சுத்தி இறங்கணும், 900 டிகிரி. போட்டியில அதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல. டோனி ஹாக் சுத்தறார், விழறார். மறுபடி ஏறி வர்றார், மறுபடி விழறார். போட்டி நேரமே முடிஞ்சு போச்சு. ஆனா கூட்டம் நகரல, மத்த வீரர்களும் நின்னு உற்சாகப்படுத்தறாங்க. விழ விழக் கத்தல் கூடுதே தவிர குறையல. பத்துத் தடவைக்கும் குறையாம சொதப்பின பிறகுதான் சரியா இறங்கினார்.

பையன் விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தான், கட்டுப் போடாத கையால. கடைசியில, "இவரும் இத்தனை தடவை விழுந்தாராப்பா?" அவ்ளோதான் கேட்டான்.

அந்தப் படத்துல இல்லாதது இதுதான்னு தோணுச்சு. கிராபிக்ஸ் சுமாரா இருந்தா மன்னிச்சுடலாம். ஆனா ஸ்கேட்போர்டுன்னாலே முக்காவாசி விழறதுதான். விழுந்தா அடிபடும்னு நமக்குத் தோணவே இல்லேன்னா, அவங்க எழுந்திருக்கிறப்போ கைதட்ட யாருக்குத் தோணும்?

ஆறு வாரம் கழிச்சுக் கட்டைப் பிரிச்சாங்க. அடுத்த சனிக்கிழமை போர்டு கட்டிலுக்கு அடியிலேர்ந்து வெளிய வந்துச்சு. முதல் நாளே தொப்புன்னு விழுந்தான். நான் பதறிப்போய் ஓடினேன். "ஒண்ணு"ன்னு எண்ணிட்டு எழுந்து நின்னான்.

இப்போ வேலைக்குப் போறான். பெரிய ஸ்கேட்டர் எல்லாம் ஆயிடல. ஆனா அந்தப் படத்தைப் பத்தி யாராவது கிண்டல் பண்ணினா மட்டும் எங்க வீட்டுல ரெண்டு பேரு சும்மா இருந்துடுவோம் :-)

டிஸ்கி: தங்கமணி இன்னிக்கு வரைக்கும் அந்த டிவிடியை மன்னிக்கல.