ரோஸிக்கு விசா இல்லை



வழக்கமாக மெல்பர்னிலிருந்து வரும் மடல் இந்த முறை மைசூருப் பக்கத்து ராமாபுரத்திலிருந்து வருகிறது. நண்பனின் பெற்றோர் மகள் பிரசவத்துக்காக டல்லாஸ் போயிருக்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு விமான நிலையத்தில் பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கும். நம்மவர்கள் அதில் ஒரு நாளையும் வீணாக்குவதில்லை. விடுமுறையில் ஊர் சுற்ற வந்த எனக்கு ஓட்டல் வாடகை மிச்சமாகட்டும் என்று நண்பன் வீட்டுச் சாவியைக் கொடுத்தான். சாவியோடு ரோஸியும் வந்தாள்.

ரோஸி வெள்ளைப் பொமரேனியன். நம் வீடுகளில் பொமரேனியன் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்று நாய் வளர்ப்பவர்கள் திருத்துவார்கள். ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் டஃபியாக வந்ததும் ஸ்பிட்ஸ்தான். ரோஸிக்கு அந்தப் புகழெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது நண்பனின் அம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போன சட்டதிட்டம். காலையில் கேட்டைத் திறந்ததும் நடை. உப்பில்லாத தயிர்சாதம். ஒருநாள் விட்டு ஒருநாள் அவித்த முட்டை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது; மூன்றும் நாய்க்கு விஷம். இடி இடித்தால் குளியலறைக் கதவைத் திறந்து வை, அவள் அங்கேதான் ஒளிவாள். கடைசி வரியாக, ‘பட்டாசு வெடித்தால் பக்கத்தில் உட்கார், தூக்காதே.’

முதலில் என்னை அவள் சீண்டவே இல்லை. கேட்டுக்கு அடியில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக் கிடப்பாள். ஆட்டோ நின்றால் எழுந்திருப்பாள், இறங்குவது வேறு ஆள் என்றதும் மறுபடி படுத்துவிடுவாள். தட்டில் வைத்த சாதம் அப்படியே காயும். டல்லாஸிலிருந்து வீடியோ அழைப்பில் அம்மா கேட்பது ஒன்றுதான்: “தம்பி, ரோஸி சாப்பிட்டாளா?” தம்பி சாப்பிட்டானா என்ற கேள்வி கிடையாது. போனில் அந்தக் குரலைக் கேட்டதும் ரோஸி கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் தேடத் தொடங்குவாள். அதன்பிறகு நான் வாசலுக்குப் போய் நின்றுதான் பேசினேன்.

இறுக்கம் தளர்ந்தது நாயுருவியால். வேலியோரம் நடந்துவிட்டு வந்தவள் முன்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினாள். பாதத்தின் விரலிடுக்கில், ரோமத்தில், நாயுருவிக் கதிரின் முள்விதைகள் நாலைந்து சிக்கி முடிச்சாகிக் கிடந்தன. தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொன்றாக உருவினேன். பல்லைக் காட்டினாள், கடிக்கவில்லை. கடைசி விதை வந்ததும் தன் பாதத்தை ஒருமுறை நக்கிப் பார்த்தாள். பிறகு எண்ணெய்ப் பிசுக்குள்ள என் விரலையும் நக்கினாள். அன்றிரவு தயிர்சாதத் தட்டு காலி.

அதற்குப் பிறகு ஊரை எனக்குக் காட்டியது அவள்தான். பால் கொண்டுவருகிறவர்கள் கூடும் இடம், பிஸ்கெட் கிடைக்கும் டீக்கடை, நிற்காமல் தாண்டவேண்டிய கறுப்பு நாயின் வீடு எல்லாம் அவள் போட்ட பாதை. வா என்றால் திரும்பமாட்டாள், ‘பா’ என்றால் வருவாள்; கன்னடத்தில் வளர்ந்தவள். ஊரில் என் பெயரை யாரும் கேட்கவில்லை. ரோஸி வீட்டுக்காரர் என்றே அடையாளம்.

இப்படி அடுத்தவர் வீட்டில் தங்கி அவர்கள் நாயைப் பார்த்துக்கொள்வது வெளிநாட்டில் ஒரு பெரிய ஏற்பாடு. இங்கிலாந்தின் பிரைட்டனில் 2010இல் தொடங்கிய ‘டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ்’ தளத்தில் வீட்டுக்காரரும் தங்குகிறவரும் ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். இருவருக்குள் கூலியோ வாடகையோ கைமாறுவதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். 2022இல் பிரிஸ்பேனைச் சேர்ந்த ஒரு பெண், கனடாவில் பூனை பார்த்துக்கொள்ளப் போகும் வழியில் லாஸ் ஏஞ்சலிஸில் தடுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். தங்க இடம் கிடைக்கிறதல்லவா, அதுவே கூலி என்பது அமெரிக்க எல்லை அதிகாரிகளின் கணக்கு.

நாயையே கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். ரேபிஸ் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியாவை வைத்திருக்கிற அமெரிக்கா, 2024 ஆகஸ்டில் விதிகளை மேலும் இறுக்கியது. எங்கள் ஆஸ்திரேலியா இன்னும் மோசம். இந்தியாவிலிருந்து நாய் நேராக வரவே முடியாது. அங்கீகரிக்கப்பட்ட வேறொரு நாட்டுக்குப் போய், பரிசோதனையெல்லாம் முடித்து, பிறகு மெல்பர்ன் அருகே மிக்கிள்ஹாமில் தனிமைக் காவலும் இருக்கவேண்டும். 2015இல் நடிகர் ஜானி டெப் தன் இரண்டு குட்டி டெரியர்களைச் சொல்லாமல் தனி விமானத்தில் கொண்டுவந்தபோது, திருப்பி அனுப்பு, இல்லையேல் கொன்றுவிடுவோம் என்று அமைச்சரே கெடு வைத்தார். ஹாலிவுட் நாய்க்கே அந்தக் கதி.

நாயை மதித்த காலமும் உண்டு; சாட்சி இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. மைசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே மத்தூர் வட்டத்தில் ஆதகூர் என்றொரு ஊர். தக்கோலம் போரில் யானைமேல் இருந்தபடியே சோழ இளவரசர் ராஜாதித்தர் இறந்ததைச் சொல்லும் 949-50ஆம் ஆண்டுக் கல்வெட்டு அந்த ஊரில் கிடைத்ததுதான். சோழ வரலாறு படிக்கிறவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் கல் நடப்பட்டது ஒரு நாய்க்காக. போரில் கலந்துகொண்ட மணலேரன் என்ற வீரன் பரிசாகக் கேட்டு வாங்கியது காளி என்ற வேட்டைநாயை. அது காட்டுப்பன்றியோடு மோதி, பன்றியும் தானுமாக மடிந்தது. கல்லுக்குப் பூசை செய்ய நிலம் விட்டிருக்கிறார்கள். பூசை செய்யாமல் சாப்பிடும் பூசாரிக்கு அந்த நாயின் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் தமிழ்நாட்டுப் பக்கம் எடுத்தனூரில், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயோடு, மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. நாய் போனபின்னும் அதைக் கல்லில் நினைவு வைத்த ஊர்கள் இவை. உயிரோடு இருக்கும் நாயை, விமானம் ஏறும் அன்று காலையில் பக்கத்து வீட்டுத் தூணில் கட்டிவிட்டுப் போகிற குடும்பங்களை இப்போது பார்க்கிறேன்.

பேரப்பிள்ளையைப் பார்க்க அப்பா அம்மாவை அழைக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிக்கெட் எடுக்கும் அன்றே வீட்டு நாயை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். பார்த்துக்கொள்ளப் போகிறவரைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வரவழைத்து, பெற்றோர் இருக்கும்போதே நாயோடு பழக விடுங்கள். தடுப்பூசி அட்டையும் கால்நடை மருத்துவர் எண்ணும் அவர் கையில் இருக்கட்டும். அதற்கு ஆகும் செலவை, உங்கள் பெற்றோரின் பயணச் செலவோடு சேர்த்து நீங்களே கொடுங்கள்.