ஒரு கூறு கொம்பன் குட்டி

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்யும் பக்குவத்தைப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். “பால்சுறா கிடைக்காவிட்டால் எந்தச் சுறாக்குட்டியும் உதவும், சின்னதாகப் பார்த்து வாங்குங்கள்” என்பது என் வரி. அதைத் திரும்பப் பெறுகிறேன். தெரியாமல் எழுதியதல்ல அது.

காசிமேடு மீன் சந்தையில் கூறுகட்டி வைத்த குட்டிகளுக்கு நடுவே கொம்பன் சுறாவும் கிடந்ததைப் பார்த்தவள் நான். இரு பக்கமும் விரிந்த தலை, அதன் இரு ஓரங்களிலும் கண்கள். வேறு மீன் என்று நினைக்கவே முடியாது. தலையின் அடியில் உள்ள நுண்துளைகள் மணலுக்குள் பதுங்கிய திருக்கையின் மெல்லிய மின்புலத்தைக்கூட உணரும். பெருங்கொம்பன் அந்தத் தலையாலேயே திருக்கையைத் தரையோடு அழுத்திப் பிடித்துத் தின்னும். இதையெல்லாம் வியந்து வியந்து படித்திருந்தேன். ஆனால் மீன் வெட்டித் தருபவர் தலையை எடுத்துவிடுவார். எது என்று பார்க்காமல் வீட்டுக்கு வர எனக்கு அது வசதியாக இருந்தது.

என் கோபமெல்லாம் துடுப்பு வியாபாரத்தின் மேல். துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுகிறவர்களைத் திட்டித் தீர்ப்பேன். 2015இல் இந்தியா துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்தபோது மனதார மகிழ்ந்தேன். நம் கரையில் சுறா பெரும்பாலும் முழு உடலாகவே இறங்குகிறது, அதன் கறியைத் தின்பது நாம்தான் என்பதை மட்டும் யாரிடமும் பேசவில்லை. குற்றவாளி வெளியூர்க்காரனாக இருக்கும்வரை என் அடுப்பைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்துவிட்டேன்.

கொம்பன் முட்டையிடுவதில்லை. தாயின் வயிற்றில் தொப்புள்கொடி வழியே ஊட்டம் பெற்று வளர்ந்த குட்டிகளை ஈனுகிறது. பிறந்த குட்டிகள் ஆழம் குறைந்த கரையோரத்தில்தான் வளரும். இழுவை மடியும் வலைகளும் நெருக்கமாக விழுவதும் அங்கேதான். பெண் கொம்பன் நன்றாகப் பெரிதாக வளர்ந்த பிறகே தாயாகும். நான் வாங்கியவற்றில் ஒன்றுகூட ஒருமுறையாவது ஈன்றதில்லை. நம் கடலில் வாழும் கொம்பன் இனங்களில் இரண்டு அற்றுப்போகும் விளிம்பில் இருப்பதாக 2019இல் உலகச் செம்பட்டியல் சொன்னது. படித்தேன். அதன் பிறகும் வாங்கினேன். சுறாப்புட்டு என்றால் என் கைதான் என்று உறவில் சொல்வார்கள். அந்தப் பேரை விட மனம் வரவில்லை. காரணம் அவ்வளவுதான்.

பிடித்தவர்கள் திருப்பி விடட்டும் என்று மீனவர் தலையில் கட்டவும் வழியில்லை. வலையில் சிக்கிய கொம்பன் வெகு விரைவில் செத்துவிடும். உயிரோடு விட்டாலும் பல பிழைப்பதில்லை. குட்டிகள் வளரும் பகுதிகளில் அந்தப் பருவத்தில் வலை விழாமல் இருக்க வேண்டும், அதனால் மீனவருக்கு வரும் இழப்பை அரசு ஏற்க வேண்டும். குட்டிக்கு விலை கொடுத்துக்கொண்டே இதைக் கேட்க எனக்கு வாயில்லை.

இப்போது வாங்குவதில்லை. மருமகளின் பிரசவத்துக்குப் பூண்டும் முருங்கைக்கீரையும்தான் சமைத்தேன். சம்பந்தியம்மாவுக்கு வருத்தம். அவரிடமும் இதையெல்லாம் சொன்னேன், நான் வாங்கியதையும் சேர்த்து.